உங்களுக்குத் தெரியுமா? கரிசலுக்கு அடியில் ஒரு பெருங்கண்டம்

● நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கம் கிணறு வெட்டினால் மேலே கரிசல், அடுத்து சுக்கான், அதற்கும் கீழே கடும்பாறை. தக்காணத்துக் கரிசல் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. தென்தமிழகக் கரிசல் பெரும்பாலும் நைஸ் வகைப் பாறைகள் சிதைந்து உருவானது.

● சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் மோதிச் சேர்ந்து 'கோண்டுவானா' பெருங்கண்டம் உருவானது. அப்போது பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி உருமாறியவை நம் பாறைகள். தென் மடகாஸ்கரின் பாறைகளும் அதே காலத்தில் அப்படியே உருமாறின.

● பந்தல்குடியில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் இப்படி வெந்து மணிமணியாக இறுகியதே. உடைத்துப் பார்த்தால் கல்கண்டுபோல் மின்னும்.

● பிறகு பெருங்கண்டம் இழுபட்டு மெலிந்து பிளந்தது. பிளவு வழியே ஏறிய பாறைக்குழம்பு உறைந்து புதிய கடல்தரையானது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்தது.

● வடக்கே நகர்ந்த இந்தியா, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதத் தொடங்க, இமயமலை எழுந்தது. இன்றும் நாம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறோம்.

● கிணற்றுமேட்டில் கிடக்கும் கல்லைப் பிள்ளைகள் கையில் கொடுத்து இதைச் சொல்லுங்கள். நிலவியலுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை!