தன்னிறைவுப் பண்ணை – 11: முப்பது புங்க மரங்கள்

சாண எரிவாயுக் கலனைப் பற்றி இரண்டு வாரம் எழுதியதைப் படித்தவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நான்கைந்து மாடு இருந்தால் நாளுக்கு 50 கிலோ சாணம், அதற்கு 2 கன மீட்டர் கலன், ஒரு குடும்பத்துக்குச் சமையல் முடிந்தது. அடுப்புக்கு வழி சொல்லிவிட்டீர்கள், இன்ஜினுக்கு என்ன வழி? டீசலை நம் நிலத்திலேயே விளைவிக்க முடியுமா?

முடியும். ஆனால் அதை எங்கே விளைவிப்பது என்பதில் இந்த நாடு ஒருமுறை பெரிதாகத் தவறியிருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

2003-ல் திட்டக் கமிஷனின் குழு ஒன்று, காட்டாமணக்கைப் பெருமளவில் நட்டு, காலப்போக்கில் டீசலில் 20 சதவீதம் வரை கலக்கலாம் என்று பரிந்துரைத்தது. தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது, ஆடு மாடு கடிக்காது என்று ஊர் ஊராகப் பேசினார்கள். 2006-ல் நானும் ஒன்றரை ஏக்கர் மானாவாரியில் நட்டேன். கன்று கொடுத்த நிறுவனமே கொட்டையை வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தது. செடி காயவில்லை, உயிரோடுதான் நின்றது. ஆனால் உயிரோடு நிற்பது வேறு, காய்ப்பது வேறு. தண்ணீர் பாயாத இடத்தில் மூன்றாம் ஆண்டிலும் செடிக்குக் கால் கிலோ கொட்டை தேறவில்லை. காய்கள் ஒன்றாகப் பழுப்பதும் இல்லை. திரும்பத் திரும்ப ஆள் விட்டுப் பறிக்க வேண்டும், பறித்த கூலிக்கே விலை கட்டாது. பிண்ணாக்கு நஞ்சு, மாட்டுக்கு வைக்க முடியாது. வாங்கிக்கொள்கிறோம் என்றவர்கள் அதன்பின் ஊர்ப்பக்கம் வரவேயில்லை. நான்காம் ஆண்டில் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டேன்.

இது என் ஒருவனின் கதை அல்ல. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்கு நட்ட விவசாயிகளை நேரில் ஆராய்ந்து, பெரே அரிசா-மொந்தோபியோ, சரச்சந்திர லேலே என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சொன்ன விளைச்சல் எங்கும் வரவில்லை, தண்ணீர் வசதி உள்ளவருக்கே ஏதேனும் நம்பிக்கை உண்டு, ஏழை விவசாயியை இந்தப் பயிர் மேலும் ஏழையாக்குகிறது, உணவுப் பயிருக்கான நிலத்தையும் பிடுங்குகிறது என்பதுதான் அதன் சாரம்.

சரி, காட்டாமணக்கு வேண்டாம், கடலையே போட்டு அந்த எண்ணெயை ஊற்றினால்? இன்ஜினுக்கு அது புதிதல்ல. 1900-ல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஓடும் என்பதில் சந்தேகமே இல்லை. கணக்கைத்தான் பார்க்க வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 600 கிலோ காய் என்று வையுங்கள். உடைத்தால் பருப்பு 400 கிலோ. ஆட்டினால் எண்ணெய் சுமார் 170 லிட்டர். 5 குதிரைச் சக்தி ஆயில் இன்ஜின் முழுப் பாரத்தில் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். ஓர் ஏக்கர் கடலை 170 மணி நேரத்தில் புகையாகிப் போகும். மாதம் 4 லிட்டர் செலவாகும் வீடு என்றால், அதே எண்ணெய் மூன்று குடும்பங்களுக்கு ஓராண்டுத் தாளிப்பு. சோறு விளையும் மண்ணில் எரிபொருளை விளைவிக்க எனக்குக் கை வராது.

அப்படியானால் எங்கே? வரப்பில். நம் முன்னோரின் உழவு இன்ஜின் காளை மாடு. அதன் எரிபொருளுக்கென்று அவர்களில் பலர் தனி வயல் ஒதுக்கவில்லை. கதிரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, தாளைப் போர் போட்டார்கள். வரப்பில் புல் அறுத்தார்கள். அந்த ஒழுங்கை அப்படியே மரத்துக்குக் கொண்டுவந்தால் நமக்குக் கிடைப்பது புங்கம்.

மூன்று ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். சதுரமாக இருந்தால் சுற்று வரப்பு ஏறத்தாழ 440 மீட்டர். 15 மீட்டருக்கு ஒரு மரம் என்றால் முப்பது மரம் நிற்கும். பத்து வயது தாண்டிய புங்க மரம் ஆண்டுக்கு 10 கிலோ கொட்டையும் தரும், 50 கிலோவும் தரும். நான் 20 கிலோ என்றே கணக்குப் போடுகிறேன். மொத்தம் 600 கிலோ. நான்கு கிலோ கொட்டைக்கு ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்கலாம். ஆக, ஆண்டுக்கு 150 லிட்டர், அதாவது 150 மணி நேர இன்ஜின் ஓட்டம். மீதி 450 கிலோ பிண்ணாக்கு. அதில் 4 சதவீத அளவுக்குத் தழைச்சத்து இருப்பதால், ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு.

அந்த 150 மணி நேரம் போதுமா என்பது உங்கள் கிணற்றைப் பொறுத்தது. இலவச மின் இணைப்பு உள்ளவர் தண்ணீருக்கு எண்ணெய் எரிக்கத் தேவையே இல்லை. இணைப்புக்காகக் காத்திருப்பவருக்கும், இன்ஜின் பூட்டி நெல் அடிப்பவருக்கும், மின்சாரம் போனால் கைகொடுக்க ஒன்று வேண்டும் என்பவருக்கும்தான் இந்த வழி. கர்நாடகத்தின் கக்கனஹள்ளியில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா புங்க எண்ணெயில் ஜெனரேட்டர்களை ஓட்டி, வறண்ட ஊரின் வயல்களுக்கு நீர் இறைக்க வைத்தார். அங்கே எண்ணெய்க்கு வழி காட்டியது ஊரில் நின்ற மரம்தான்.

இனி இன்ஜின். புங்க எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டி. குளிர்ந்த இன்ஜினில் நேராக ஊற்றினால் நாசிலில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு டேங்க் வையுங்கள். டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் எண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு மறுபடி டீசலுக்குக் கொண்டுவந்து குழாயைக் கழுவிவிடுங்கள். எண்ணெய்க் குழாயைப் புகைக்குழாயின் மேல் சுற்றிவிட்டால் போகிற வழியிலேயே சூடாகி இளகும். எண்ணெயைச் சில நாள் தெளியவைத்து, துணியில் வடித்து, பிறகு ஃபில்டரில் விடுங்கள். லூப் ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள். இத்தனையும் மெதுவாகச் சுற்றும் பழைய ரக இன்ஜினுக்குத்தான். புது டிராக்டரில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

எண்ணெயை முறையான பயோடீசலாகவே மாற்றலாமே என்று கேட்பீர்கள். லிட்டருக்கு 200 மில்லி மெத்தனால், சில கிராம் காஸ்டிக் சோடா, 60 டிகிரி அளவில் சூடு. கிளிசரின் அடியில் தங்கும், மேலே தெளிவது பயோடீசல். எழுத எளிது. மெத்தனால் கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும், சட்டெனத் தீப்பிடிக்கும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.

கடலோர மணலில் நிலம் உள்ளவர்கள் புங்கத்துக்குப் பதில் புன்னை வைக்கலாம். அதன் பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். இலுப்பை பேரப்பிள்ளைகளுக்கான மரம், ஒன்றிரண்டு போதும்.

வரப்பு மரத்தின் நிழல் பக்கத்து வயலிலும் விழும். நடும் முன்பே பக்கத்து நிலக்காரரிடம் பேசிவிடுங்கள், அவர் வரப்பிலும் வைக்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது. கொட்டைக்கு விட்ட மரத்தில் தழை ஒடிக்காதீர்கள், காய் குறையும்.

இன்றே செய்யக்கூடிய வேலைகள் இரண்டு. உங்கள் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்குங்கள், அந்த எண் தெரியாமல் எத்தனை மரம் வேண்டும் என்று சொல்ல முடியாது. சித்திரைக்குள் நன்றாகக் காய்க்கும் மரமாகப் பார்த்து முற்றிய கொட்டைகளை எடுத்து வையுங்கள். மழை இறங்கியதும் வரப்பிலேயே குழிக்கு இரண்டாக ஊன்றலாம். காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆகும், ஆகையால் இந்த மழையைத் தவறவிடாதீர்கள்.

அடுத்த வாரம்: கொட்டையை எங்கே ஆட்டுவது? செக்கைப் பற்றி.