அப்பா ஆடிய ஆட்டம்

1993ஆம் ஆண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் நினைவிருக்கிறதா? தூர்தர்ஷனில் 'ஜங்கிள் புக்' தொடங்கிவிட்டால் எங்கள் செம்பூர் குடியிருப்பில் குழாயடியில்கூட ஆள் இருக்காது. என் மகனுக்கு அப்போது பத்து வயது. மௌக்லி முடியும்வரை இட்லித் தட்டு மடியில் ஆறிப்போகும். அது இந்தியில் பேசிய ஜப்பானியப் படம் என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இப்போது அந்த மகனின் மகனுக்குப் பதின்மூன்று வயது. அவன் பார்ப்பதும் ஜப்பானியப் படம்தான். ஆனால் 'கார்ட்டூன்' என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். 'அனிமே' என்று சொல்ல வேண்டும். சென்ற மாதம் ஒரு மழை நாளில், "தாத்தா, இந்த ஒரு எபிசோடு மட்டும் என்கூட உக்காந்து பாருங்க, ப்ளீஸ்" என்றான். வாள்சண்டைதானே, பேரனுக்காக அரை மணி நேரம் போகட்டும் என்று உட்கார்ந்தேன்.

தொடரின் பெயர் 'கிமெத்சு நோ யாய்பா'. 'டீமன் ஸ்லேயர்' என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே தெரியும். கொயோஹாரு கோதோகே 2016 முதல் 2020 வரை ஒரு வார இதழில் எழுதி வரைந்த படக்கதை இது. 2019 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்தது. முதல் பருவத்தில் 26 பகுதிகள். பையன் என்னை உட்கார வைத்தது 19ஆம் பகுதி. 2019 ஆகஸ்ட் 10 அன்று ஜப்பானில் ஒளிபரப்பானது. 'ஹினோகாமி' என்று தலைப்பு. நெருப்புத் தெய்வம் என்று பொருள் கொள்ளலாம்.

முன்கதை தெரியாமல் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஜப்பான். மலையில் கரி சுட்டு விற்கும் ஏழைக் குடும்பம். தந்தை ஏற்கெனவே காலமாகிவிட்டார். மூத்த மகன் தஞ்சிரோ கரி விற்கப் போய் மறுநாள் திரும்பினால், தாயும் தம்பி தங்கைகளும் அரக்கன் கையில் மாண்டு கிடக்கிறார்கள். நெஸுகோ என்ற தங்கை மட்டும் பிழைக்கிறாள். ஆனால் அவளும் அரக்கியாகிவிட்டாள். மனிதரைக் கடித்துவிடாதபடி அவள் வாயில் மூங்கில் துண்டு கட்டியிருக்கும்; அவளைப் பகலில் வெயில் படாமல் ஒரு பெட்டிக்குள் வைத்து முதுகில் சுமந்து திரிகிறான் அண்ணன். அவளை மீண்டும் மனுஷியாக்க வேண்டும். அதற்காகவே வாள் பயிற்சி பெற்று அரக்கர்களை வேட்டையாடப் புறப்படுகிறான்.

19ஆம் பகுதியில் அண்ணனும் தங்கையும் நதகுமோ மலையில் ரூயி என்ற அரக்கனிடம் சிக்கியிருக்கிறார்கள். ரூயி பார்க்கச் சிறுவன். தன் உடம்பிலிருந்தே சிலந்தி நூலைப் போல் இழை விடுவான். அது எஃகையும் அறுக்கும். தஞ்சிரோவின் வாள் ஏற்கெனவே பாதி ஒடிந்து கிடக்கிறது.

ரூயிக்கும் குடும்பம் உண்டு. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் அவன் பிடித்துவந்து வேடம் கட்டி வைத்த அரக்கர்கள். அப்பா என்றால் இப்படி நடக்க வேண்டும், அக்கா என்றால் இதைச் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறான். தவறினால் சித்திரவதை. இது குடும்பமே இல்லை, பயத்தால் கட்டிய கட்டு என்று தஞ்சிரோ முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். அந்த நேரம் பார்த்து நெஸுகோ பெட்டியிலிருந்து பாய்ந்து, அண்ணன் மேல் விழ வேண்டிய வெட்டைத் தான் வாங்கிக்கொள்கிறாள். ரூயி நடுங்கிப்போகிறான். தான் தேடியது அதுதான் என்று அவனுக்குப் புரிகிறது. உடனே உயிர்ப்பிச்சை தருகிறேன், உன் தங்கையை என்னிடம் கொடுத்துவிடு என்று பேரம் பேசுகிறான்! பாசத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் அதைப் பறித்துக்கொள்ளலாம் என்றுதான் அவன் புத்தி போகிறது. எனக்கு அவனைப் பார்த்துக் கோபம் வரவில்லை, பரிதாபமாக இருந்தது.

சண்டையைப் பேரன் விளக்குவதுபோல் எனக்கு விளக்க வராது. தஞ்சிரோ கற்றது 'நீர் மூச்சு' என்ற வாள்முறை. அதன் பத்தாவது உருவில் சுழலச் சுழல வலிமை கூடும். அதைக்கொண்டு நூல்களை அறுத்துக்கொண்டு முன்னேறுகிறான். ரூயி நூலை இன்னும் கடினமாக்குகிறான்; சிவந்த வலை நாலு பக்கமும் சூழ்கிறது. இனி சாவுதான்.

அந்தக் கணத்தில் அவன் மனத்தில் ஓடுவது குருவின் பாடம் அல்ல. அப்பா. நோயில் மெலிந்த மனிதர். புத்தாண்டு தோறும் மலையில், கொட்டும் பனியில், நெருப்புத் தெய்வத்துக்குக் காணிக்கையாக விடிய விடிய ஆடுவார். 'ககுரா' என்பது ஜப்பானில் தெய்வங்களுக்கு ஆடும் பழைய ஆட்டம். எழுந்து நடக்கவே தெம்பில்லாதவர் இரவெல்லாம் எப்படி ஆடினார்? மூச்சை விடும் முறையில் இருக்கிறது என்று மகனுக்குச் சொல்லியிருக்கிறார். இந்த ஆட்டத்தையும் இந்தக் காதணிகளையும் விட்டுவிடாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடு என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கரி சுடுகிறவர்கள் வீட்டுச் சடங்கு என்றே பையன் அதை நினைத்திருந்தான். அது வாள் பிடிக்கும் மூச்சு என்று அவனுக்குத் தெரியாது. நீரிலிருந்து நெருப்புக்கு மாறி, அப்பா ஆடிய அடியையே வாளில் ஆடுகிறான்.

அந்தப் பக்கம் நூலில் தொங்கும் நெஸுகோவை இறந்துபோன அம்மா அழுதுகொண்டே எழுப்புகிறாள்: அண்ணனைக் காப்பாற்று என்று. தங்கையின் இரத்தம் தீப்பற்றி நூல்கள் எரிகின்றன. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். செத்தவர்கள் இருவரும் வந்து பிள்ளைகளுக்குக் கை கொடுக்கிறார்கள்.

கடைசி நிமிடங்களில் ஒரு பாட்டு எழுகிறது. வழக்கமான முடிவுப் பாட்டு இல்லை. காட்சி ஓடும்போதே கலைஞர் பெயர்களும் ஓடுகின்றன. கோ ஷீனா இசை, நாமி நகாகவா குரல். மொழி புரியாவிட்டால் என்ன, தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடுவில் நிற்கிற குரல். யூஃபோடேபிள் நிறுவனத்தார் வரைந்த அந்த நெருப்பையும் பனியையும் பார்த்துவிட்டுக் கார்ட்டூன் என்று நான் இனிச் சொல்லமாட்டேன். இந்தப் பகுதிக்குப் பின் தொடரின் புகழ் எங்கோ போய்விட்டது. 2020இல் வந்த 'முகென் டிரெயின்' படம் ஜப்பானிய வசூலில் எல்லாப் படங்களையும் முந்தியது. 2025 செப்டம்பரில் வந்த படத்துக்குத் தமிழ்க் குரலும் கொடுத்தார்கள்.

படம் முடிந்ததும் பையன் கேட்டான்: "தாத்தா, உங்க அப்பா உங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கோயில் கொடை என்றால் ராத்திரி முழுக்க அவர் கை ஓயாது. ஆஸ்துமாக்காரர். ஆனால் குடத்தின் முன் உட்கார்ந்துவிட்டால் இருமல் வராது. "வாலே, பக்கத்துல உக்காரு" என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கேலி செய்வார்களே என்று நான் உட்காரவில்லை. 1974இல் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டேன். இதையெல்லாம் பேரனிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் குடம் இப்ப எங்க இருக்கு?"

ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். மண்குடம்தானே, உடைந்து வெகு காலமாயிற்றாம். தாளம் மட்டும் பரணில் கிடக்கிறதாம். எப்படி அடிப்பார் என்று பையன் விடவில்லை. மேஜை மேல் தட்டிக் காட்டினேன். நாலு தட்டுக்கு மேல் கை நின்றுவிட்டது.

பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. இதில் இரத்தம் உண்டு, தலை விழுவது உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். பெரிய பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் 19உடன் நிறுத்திவிடாதீர்கள். ரூயி அத்தோடு சாகவில்லை. வாள் படுவதற்கு முன் தன் தலையைத் தானே அறுத்துக்கொண்டு தப்பியிருக்கிறான். அவனும் ஒரு காலத்தில் நோயாளிக் குழந்தை. அவனுக்கும் உண்மையான அப்பா அம்மா இருந்தார்கள். அவர்களை அவன் என்ன செய்தான், கடைசியில் அவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதை அடுத்த இரண்டு பகுதிகளில் பாருங்கள்.