கடை ஒழுகினால் கொத்தனார். வீடு ஒழுகினால் சட்டியா?

ஓய்வு பெற்ற மளிகை வியாபாரி ஒருவர், எட்டயபுரம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாம். நம்மைப் போன்ற வியாபாரிகள் வீட்டைக் கட்டியதோடு கடமை முடிந்தது என்று கடைக்குப் போய்விடுகிறோம். காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் வீட்டு முகம் பார்க்கிறோம். அந்த நேரத்தில் சுவரில் விரிசல் இருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

நான் எட்டயபுரத்தில் நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவன். பிள்ளைகள் இருவரும் சென்னையில் வேலைக்குப் போய்விட்டார்கள். 2021-ல் கடையை, என்னிடம் சிறுவயதிலிருந்தே வேலை பார்த்த தம்பி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். அரசாங்க உத்தியோகஸ்தருக்கு ஓய்வு என்றால் பென்ஷன் உண்டு. வியாபாரிக்கு என்ன உண்டு? கொஞ்சம் சேமிப்பு, வராத பாக்கி, குடியிருக்கும் வீடு. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் உறுதியானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் உறுதியாக இல்லை என்பது 2023 டிசம்பரில் தெரிந்தது.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் நமது தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அன்று இரவு எங்கள் வீட்டில் ஏழு இடங்களில் ஒழுகியது. என் மனைவி பதற்றமே இல்லாமல் ஏழு சட்டிகளை எடுத்து வந்து ஏழு இடத்திலும் வைத்தாள். எந்த இடத்தில் எந்தச் சட்டி என்பது அவளுக்கு மனப்பாடம்.

"இத்தனை இடத்துல ஒழுகுதுன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"கடையில ஒரு சொட்டு விழுந்தா சீனி மூட்டை நனைஞ்சிரும்னு அன்னைக்கே கொத்தனாரைக் கூப்பிடுவீக. வீடு ஒழுகுதுன்னா, மழை விடட்டும் பார்ப்போம்பீக. மழை விட்டதும் மறந்திருவீக. நான் சட்டி வைக்கப் பழகிட்டேன்" என்றாள்.

கோபமில்லாமல் சொன்னாள். எனக்குத்தான் உறைத்தது.

வீட்டுக்கும் ஓர் இருப்புக் கணக்கு

மூத்த மகன் போனில் சொன்ன யோசனை, வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடுங்கள் என்பது. விற்கும் முன் என்ன இருக்கிறது, என்ன கெட்டிருக்கிறது என்றாவது பார்ப்போம் என்று ஒரு நோட்டை எடுத்தேன். கடையில் வருஷக் கடைசியில் இருப்பு எடுப்பது போல வாசலில் தொடங்கிக் கொல்லைப்புறம் வரை எழுதினேன். நான் எழுதியது பதினொரு பழுது. மனைவி சொல்லச் சொல்ல எழுதியதில் முப்பத்து நான்கு ஆனது. பழுதுகளை மூன்றாகப் பிரித்தோம். நாங்களே செய்யக்கூடியவை, ஆள் வைத்துச் செய்ய வேண்டியவை, உடனே செய்யாவிட்டால் ஆபத்தானவை. இந்த நோட்டுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் கருவி. அதற்குப் பிறகுதான் கொல்லறு.

சிமெண்டால் பட்ட பாடு

எங்கள் வீட்டின் முன்கட்டு என் தகப்பனார் காலத்து மெட்ராஸ் டெரஸ். மர உத்திரத்தின் மேல் செங்கலைச் சரித்து நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதித்த தளம். 2024 ஜனவரியில் ஒரு கொத்தனாரை அழைத்தோம். மாடி முழுவதும் இரண்டு அங்குலத்துக்கு சிமெண்ட் கலவை போட்டார். உள்சுவரின் பழைய சுண்ணாம்புப் பூச்சையும் உதிர்த்துவிட்டு சிமெண்ட் பூசினார். பார்க்கப் புது வீடு போல இருந்தது. அந்த ஆண்டு ஐப்பசி மழையில் அதே ஏழு இடத்திலும் ஒழுகியது. சுவர் ஓரம் பொருமிக்கொண்டு வந்தது.

பிறகு வந்த வயதான கொத்தனார் ஒருவர்தான் காரணத்தை விளக்கினார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றில் விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். மாடியிலும் அப்படித்தான். வெயிலில் சிமெண்ட் ஒரு மாதிரி விரிகிறது, கீழே இருக்கும் சுண்ணாம்புத் தளம் வேறு மாதிரி விரிகிறது. இரண்டும் ஒட்டாமல் பிரிந்து நடுவில் தண்ணீர் தங்குகிறது. போதாததற்கு, பழைய உத்திரத்தின் மேல் தேவையில்லாத பாரம்.

எங்கள் ஊரில் பாரதியார் பிறந்த வீடு 1973-லிருந்து அரசு நினைவில்லமாக இருந்து வருகிறது. நாடே அறிந்த அந்த வீட்டிலும் 2025 மார்ச்சில் மேற்கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அந்தச் செய்தி ஊருக்குள் பரவிய அன்று நானும் மனைவியும் எங்கள் வீட்டு உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் இருக்கிறது. நம் வீட்டுக்கு நம்மை விட்டால் யார்?

அந்த மாதமே வேலையைத் தொடங்கினோம். மேலே போட்ட சிமெண்டைப் பக்குவமாகப் பெயர்த்து எடுப்பதும், பழுதான ஓர் உத்திரத்தை மாற்றுவதும் கொத்தனார், தச்சர் வேலை. தட்டோடுகளின் இடுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த கலவையை அடைப்பது எங்கள் வேலை. தினமும் வெயில் தாழ்ந்த பிறகு ஒன்றரை மணி நேரம். நான் சுரண்டுவேன், அவள் கரண்டியால் அடைப்பாள். அடைத்த இடத்தில் ஈரச் சாக்கைப் போட்டுப் பல நாள் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது. சுண்ணாம்பை நீற்றும்போது மட்டும் கிட்டே போகக் கூடாது. கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு மாதம் ஆயிற்று. 2025 மழையில் ஒரே ஒரு சட்டிதான் வைக்க வேண்டி வந்தது.

கரிசல் மண்ணின் குணம்

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து வியாபாரிகள் எல்லோருக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. அது சுவர் விரிசல். நம் கரிசல் மண் தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பருத்திக்கு நல்லது, அஸ்திவாரத்துக்கு ஆகாது. எங்கள் படுக்கையறை ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக ஒரு விரிசல் ஓடியது. அதை நான் மூன்று முறை அடைத்தேன். மூன்று முறையும் திறந்தது.

"இது சித்திரையில வாய் திறக்குது, கார்த்திகையில மூடுது. நீங்க திறக்கும்போது அடைக்கீக, மூடும்போது அது நெரிச்சுத் தள்ளுது" என்று மனைவி சொன்னாள். பரிசோதித்துப் பார்த்தோம். விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினோம். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டினோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அவள் சொன்னது சரிதான்.

காரணம் கொல்லையில் இருந்தது. குளியலறைத் தண்ணீர் பின்சுவர் ஓரமாகவே தேங்கியது. அந்தப் பக்கத்து மண் எப்போதும் உப்பியிருந்தது. மறுபக்கத்தில் வேப்பமரம் ஈரத்தை உறிஞ்சியதால் மண் வறண்டு இறங்கியது. ஒரே வீடு இரண்டு பக்கம் இழுபட்டால் என்ன ஆகும்? தண்ணீரைக் குழாய் வைத்துத் தூரத் தள்ளினோம். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டோம். மரத்தை வெட்ட மனமில்லை. வெட்டுவதும் நல்லதல்ல என்றார்கள். திடீரென்று மரம் போனால் மண் உப்பி வேறு வம்பு வருமாம். கிளைகளை மட்டும் கழித்தோம். விரிசல் அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒட்டிய கண்ணாடி ஓராண்டாக உடையவில்லை. ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு விரிசல் விரிந்தாலோ, விரிந்துகொண்டே போனாலோ பொறியாளரிடம் காட்டுவதுதான் அறிவு.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயம். கரிசலில் அந்தக் குழியைச் சுவரை ஒட்டித் தோண்டக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள், அடியில் குமிழ் போல அகன்ற கான்கிரீட் தூண் அஸ்திவாரத்தைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென்றே உருவாக்கிய முறை அது.

சின்னச் சின்ன வேலைகள்

மழைக்காலத்தில் கதவு பிடித்தால் உடனே இழைக்காதீர்கள். மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது. அப்போது இழைத்தால் கோடையில் இடைவெளி விழுந்து பல்லி, பூச்சியெல்லாம் உள்ளே வரும். மெழுகைத் தேய்த்துச் சமாளித்துவிட்டுப் பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம். குழாய் சொட்டினால் பெரும்பாலும் வாசர்தான் தேய்ந்திருக்கும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. ஏற்றிய மோட்டாருக்குக் கரண்ட் பில் நாம்தானே கட்டுகிறோம்?

எங்களுக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. ஏணியில் ஏறுவதில்லை, அதற்கு ஆள் உண்டு. மின்சார வேலையில் கை வைப்பதில்லை. உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து 30 மில்லி ஆம்பியர் கசிவில் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்சைப் பொருத்தினோம். ஒருவர் வேலை செய்தால் மற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த வயதில் விழுந்து எலும்பு முறிந்தால், மிச்சப்படுத்திய கூலியைப் போலப் பத்து மடங்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

இந்த இரண்டு ஆண்டில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று நான் கற்றது அதிகம். ஒரு கடையில் அரைக் கிலோ வெள்ளை சிமெண்ட் கேட்டேன். "மூட்டையைப் பிரிக்க மாட்டோம், அஞ்சு கிலோவா வாங்குங்க" என்றார்கள். வேறொரு கடையில் நான்கு ஸ்க்ரூ கேட்டேன். கடைக்காரத் தம்பி அளவைக் கேட்டு, காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "பழசைக் கழற்றிக் கொண்டு வாங்க அண்ணாச்சி, பார்த்துத் தர்றேன்" என்றார். அந்த வருடம் முழுக்க பெயிண்ட், பைப், தண்ணீர்த் தொட்டி எல்லாமே அந்தத் தம்பியிடம்தான். நான்கு ஸ்க்ரூவில் என்ன லாபம் என்று கேட்காதீர்கள். ஐம்பது கிராம் சீரகம் வாங்க வருகிறவரை நாம் திருப்பி அனுப்பியதுண்டா?

மளிகைக் கடையிலும் ஓர் அலமாரியில் ஆணி, வாசர், குழாய் டேப், கீல், தாழ்ப்பாள், சிறு பாக்கெட் வெள்ளை சிமெண்ட் வைக்கலாம். கெட்டுப்போகும் சரக்கல்ல என்று சிமெண்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டினால் வலு குறையத் தொடங்கும். பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகியிருக்கிறது. தள்ளிப்போட்ட பழுது வேலைகளைச் செய்ய நினைப்பவர்களுக்கு இது ஒரு வசதி.

முன்கட்டு அறை இப்போது ஒழுகுவதில்லை. அதை ஒரு தையல் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். பெரிய தொகை இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் மருந்துக்கு மகனிடம் கேட்க வேண்டியதில்லை. மூத்தவன் இன்னும் விற்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். அடுத்த மழையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பதில் சொல்லியிருக்கிறோம்.

கடையில் இருக்கும் தம்பிமார்களுக்கு ஒன்று சொல்வேன். நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். தினமும் கல்லாவை எண்ணி முடித்ததும் ஒரு சிறு தொகையை வீட்டுக்கென்று தனி உண்டியலில் போடுங்கள். புரட்டாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளை விட்டு மாடித் தண்ணீர்த் தாரையைச் சுத்தம் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, எங்கெங்கே ஒழுகுகிறது என்று இன்று இரவு வீட்டம்மாவிடம் கேளுங்கள். கணக்கு அவர்களிடம் இருக்கிறது.