காருக்கு பவர் ஏத்தியாச்சு... கிளட்ச் தாங்குமா? நெய்வேலி ரோட்டுக்கு ஏற்ற தேர்வு எது?

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் கார் ஓட்டுவது ஒரு தனி சுகம். சுரங்கத்தோடு சேர்த்துத் திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்பதால் வட்டத்துக்கு வட்டம் நேரான சாலை, இரண்டு பக்கமும் மரம். டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ரோட்டைப் பார்த்தாலே கால் துறுதுறுக்கும்.

ஆர்ச் கேட்டைத் தாண்டினால் கதை வேறு. ஷிஃப்ட் முடிகிற நேரம் என்றால் பஸ்ஸும் டூவீலருமாக ஊரே வெளியே வரும். வடலூர் நான்குமுனை சந்திப்பில் ஒரு லாரி மாட்டினால் போதும், பின்னால் வரிசை நின்றுவிடும். தைப்பூசம் அன்று அந்தப் பக்கம் போனவர்களிடம் கேளுங்கள், முதல் கியரைத் தாண்டி எதையும் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒரே கார்தான் இந்த இரண்டு ரோட்டிலும் ஓட வேண்டும். இஞ்சினை ரீமேப் செய்து பவர் ஏற்றியவர்கள் கிளட்ச் வாங்கும்போது கோட்டை விடுவது இங்கேதான்.

முதல் அறிகுறி பெரும்பாலும் இப்படித்தான் வரும். நான்காவது அல்லது ஐந்தாவது கியர், 2,000 ஆர்பிஎம். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கிறீர்கள். ஆர்பிஎம் முள் சர்ரென்று ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் கருகின வாசனை. இதைத்தான் மெக்கானிக்குகள் ‘கிளட்ச் ஸ்லிப் ஆகுது’ என்கிறார்கள்.

ஏன் ஸ்லிப் ஆகிறது? கிளட்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது. அதற்குத் தெரிந்தது டார்க், அதாவது முறுக்குவிசை மட்டும்தான். இதற்கு நல்ல உதாரணம் 2016-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா சூப்பர்ப். அதே 1.8 லிட்டர் டிஎஸ்ஐ இஞ்சின், அதே 180 பிஎஸ். ஆனால் மேனுவல் காரில் டார்க் 320 நியூட்டன் மீட்டர், ஏழு ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கில் 250. காரணம், அந்த டிஎஸ்ஜியின் உலர் கிளட்ச் தாங்கும் வரம்பே 250 நியூட்டன் மீட்டர்தான். இஞ்சினால் முடியும் என்றாலும் கிளட்சுக்காகக் கம்பெனியே அதை அடக்கி வைத்தது.

ரீமேப் செய்யும்போது நாம் அந்த அடக்கத்தைத்தான் எடுத்துவிடுகிறோம். டர்போ இஞ்சினில் பவரை விட டார்க் சட்டென்று ஏறும், அதுவும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே.

சரி, ஒரு கிளட்ச் எவ்வளவு தாங்கும்? கணக்கு எளிது. பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் உராய்வு எண், சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. நான்கையும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். உதாரணத்துக்கு 6,000 நியூட்டன் அழுத்தம், சாதாரண ஆர்கானிக் பிளேட்டின் உராய்வு எண் 0.3, ஆரம் 9.5 செ.மீ., முகங்கள் 2 என்று வையுங்கள். கிடைப்பது சுமார் 342 நியூட்டன் மீட்டர். 250 தரும் இஞ்சினுக்கு இது தாராளம். ரீமேப்பில் 320 ஆகிவிட்டால்? காகிதத்தில் தாங்கும். பிளேட் பாதி தேய்ந்து, சூடும் ஏறியிருக்கும் ஒரு மே மாத மதியத்தில் தாங்காது.

அதனால் இஞ்சின் டார்க்கை விட 25 முதல் 30 சதவீதம் கூடுதலாகத் தாங்கும் கிளட்ச் வேண்டும். 320-க்கு ஏறக்குறைய 400 முதல் 415. மேலே சொன்ன கணக்கில் அழுத்தத்தை மட்டும் 7,500 நியூட்டனாக ஏற்றினால் 427 வந்துவிடும். பிளேட் அதே ஆர்கானிக்தான்.

ஆனால் எதுவும் சும்மா வராது. அழுத்தம் கூடினால் பெடலும் கனக்கும். ரிலீஸ் பேரிங்கிலும் கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங்கிலும் சுமை கூடும். கால்வாசி கனம் கூடினால் பழகிவிடலாம். இரண்டு மடங்கு கனமான பெடலோடு வடலூர் நெரிசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், இடது முட்டி பேசும்.

‘ரேஸ் கிளட்ச்’ ஆசை

கடைக்காரர் அடுத்துக் காட்டுவது செராமிக் பிளேட். வட்டமான முழு பிளேட்டுக்குப் பதில் நான்கோ ஆறோ துண்டுகள் மட்டும் இருக்கும். உராய்வு அதிகம், சூட்டையும் நன்றாகத் தாங்கும். 600 நியூட்டன் மீட்டர் தாங்கும் என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

எந்தச் சூட்டுக்காக அதைச் செய்தார்கள் என்று பார்ப்போம். நின்ற காரை நகர்த்தும்போது, கார் பெறும் இயக்க ஆற்றலுக்குக் கிட்டத்தட்டச் சமமான அளவு கிளட்சில் சூடாகப் போகிறது. 1,500 கிலோ கார் சாதாரணமாக நகர்ந்து சுமார் 10 கி.மீ. வேகத்தில் கிளட்ச் முழுசாகப் பிடித்தால் 6 கிலோ ஜூல். டிராக் ரேஸில் ஆர்பிஎம்மை ஏற்றிவிட்டு, 40 கி.மீ. வேகம் வரை ஸ்லிப் செய்து கிளம்பினால் 93 கிலோ ஜூல். வேகம் நான்கு மடங்கு, சூடு பதினாறு மடங்கு. செராமிக் பிளேட் இந்த இரண்டாவது வேலைக்கானது. நம்மில் எத்தனை பேர் தினமும் அப்படிக் கிளம்புகிறோம்?

தெருவில் அதற்கு ஹாஃப் கிளட்ச் என்பதே கிடையாது. பிடித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏற நினைத்தால் கார் தவளை மாதிரி துள்ளும். ரிவர்ஸில் பார்க்கிங் செய்வது பெரும்பாடு. அதன் உராய்வில் ஃபிளைவீல் முகமும் சீக்கிரம் தேயும்.

இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது, என்எல்சி ஊழியர்களுக்கு இது எளிதில் புரியும். சுரங்கத்தில் மண்ணை வெட்டும் பக்கெட் வீல் எந்திரத்தின் சக்கரம் சட்டென்று கடினமான மணற்பாறையில் மோதினால் அந்த அதிர்ச்சி எங்காவது போயாக வேண்டும். இந்த மாதிரி எந்திரங்களில் பளு எல்லை மீறினால் நழுவிக் கொடுக்கிற ஏற்பாடு வைப்பது வழக்கம். கியர்பாக்ஸ் உடைவதை விட அது நழுவுவது மேல். காரில் அந்த வேலையை ஓரளவு செய்வது கிளட்ச். எதற்கும் நழுவாத கிளட்சைப் போட்டால் அடுத்து உடையப்போவது கியராகவோ டிரைவ் ஷாஃப்டாகவோ இருக்கலாம். கிளட்ச் செட் விலை அப்போது மலிவாகத் தெரியும்.

அப்போ எதை வாங்குவது?

ரீமேப் மட்டும் செய்த, தினமும் வேலைக்கு ஓட்டும் காருக்கு என் தேர்வு: அழுத்தம் கூட்டிய பிரஷர் பிளேட், முழு வட்ட ஆர்கானிக் பிளேட், நடுவில் ஸ்பிரிங் வைத்த ஹப். கெவ்லார் கலந்த பிளேட்டும் நல்லதுதான். மென்மையாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஒருமுறை கருக்கிவிட்டால் பழைய பிடிமானம் திரும்பாது, பொறுமை இல்லாதவர்களுக்கு அது ஒத்துவராது.

500 நியூட்டன் மீட்டரைத் தாண்டிய கார் என்றால் ட்வின் பிளேட் பற்றி யோசிக்கலாம். உராயும் முகங்கள் 2-லிருந்து 4 ஆவதால் அதே அழுத்தத்தில் இரண்டு மடங்கு தாங்கும், பெடலும் கனக்காது. விலைதான் கையைக் கடிக்கும்.

‘ஸ்டேஜ் 1’, ‘ஸ்டேஜ் 2’ என்ற பெயர்களை நம்பி வாங்காதீர்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு. எத்தனை நியூட்டன் மீட்டர், எந்த ஃபிளைவீலோடு என்று கேளுங்கள். டூயல் மாஸ் ஃபிளைவீலை எடுத்துவிட்டு சாதாரண ஒற்றை ஃபிளைவீல் போட்டால் ஐடிலிங்கில் கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும் என்பதையும் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ரீமேப்பை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் தலைவலி வரலாம்.

கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸை இறக்கணும். அந்தக் கூலிதான் பெரிசு. எனவே ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் இரண்டையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள். பழைய சீல் கசிந்து புது பிளேட்டில் எண்ணெய் பட்டால் முழுச் செலவும் வீண்.

மாட்டிய அன்றே முழு பவரை இறக்கிவிடாதீர்கள். பல தயாரிப்பாளர்கள் முதல் 500 முதல் 800 கி.மீ. வரை மென்மையாக ஓட்டச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கில் சென்னை போய்வந்த கிலோமீட்டர் அவ்வளவாகச் சேராது, ஹைவேயில் கிளட்ச் உராய்வதே அபூர்வம். நின்று, கிளம்பி, கியர் மாற்றி, மறுபடி நிற்க வேண்டும். அதற்கு வட்டத்துக்கு வட்டம் ஸ்பீடு பிரேக்கர் வைத்திருக்கும் டவுன்ஷிப் ரோடே போதும்.