மஞ்சப்பையில் ஒரு காகிதம்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். விடிகாலை நாலரை மணிக்கு என் பெரியப்பா கிணற்றடியில் விழுந்தார். வயது 78. பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவது அறுபது வருஷப் பழக்கம். பிரஷர் மாத்திரை தீர்ந்து நாலு நாளாகியிருந்தது. “தை பிறக்கட்டும், செக்கப்புக்குப் போறப்ப சேர்த்து வாங்கிக்கலாம்” என்று இருந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு.

ஐசியுவில் பத்தொன்பது நாள். ஆறாம் நாளே டாக்டர் கையை விரித்துவிட்டார். வென்டிலேட்டர் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான் என்றார். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை, “என்னைக் குழாய் மாட்டிப் படுக்கப் போட்டுடாதீங்கப்பா” என்று சொன்னதுண்டு. கேட்டவர்கள் பெரியம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும். வெளிநாட்டிலிருந்து மூன்றாம் நாள் வந்து இறங்கிய மூத்த மகன் அதைக் கேட்டதில்லை. “பணம் பிரச்சினையில்ல டாக்டர், எல்லாத்தையும் பண்ணுங்க” என்றான். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட இளையவன் வாயைத் திறக்கவில்லை. அவன் ‘போதும்’ என்றால் ஊர் என்ன பேசும்?

கடைசியில் நம் ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக அழைத்துப்போகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஆம்புலன்ஸில் ஒரு பையன், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ‘ஆம்பு’ பையைப் பிதுக்கிக்கொண்டே வந்தான். வீட்டுக் கூடத்தில் கிடத்தி, பெரியம்மா பாலில் நனைத்த பஞ்சை உதட்டில் வைத்த பிறகும் அவன் கை ஓயவில்லை. எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இளையவனிடம் மெதுவாகக் கேட்டான்: “நிறுத்திடட்டுமாண்ணே?”

யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனாகவே நிறுத்தினான்.

அந்தக் கேள்விக்குப் பெரியப்பாவே பதில் எழுதி வைத்திருக்க முடியும். சட்டம் அதற்கு இடம் கொடுத்துப் பல வருஷங்கள் ஆகின்றன. 2018 மார்ச் 9 அன்று, ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21வது பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. மீள வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். இதற்கு ‘லிவிங் வில்’ என்று பெயர். ‘வில்’ என்றதும் சொத்து உயில் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு சென்ட் நிலம்கூட வராது. உடம்பைப் பற்றிய காகிதம் இது.

2018இல் சொன்ன நடைமுறை பெரிய தொந்தரவு. மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்று கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அதற்கு யார் போவார்? 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே அதை எளிதாக்கியது. இப்போது 18 வயது நிரம்பிய, புத்தி தெளிவான எவரும் எழுதலாம். சுயேச்சையான இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். ‘என்னால் பேச முடியாதபோது எனக்காக முடிவு சொல்ல வேண்டியவர்’ என்று ஒருவரையோ, ஒருவருக்கு மேற்பட்டவர்களையோ பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். ஒரு நகல் அவர்களிடம், ஒன்று குடும்ப டாக்டரிடம், ஒன்று உள்ளாட்சி அமைப்பு இதற்கென நியமிக்கும் அதிகாரியிடம் இருக்க வேண்டும். அந்த அதிகாரி யாரென்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால் விழிக்கக்கூடும். அதற்காக எழுதாமல் விட வேண்டாம். வீட்டாரிடமும் டாக்டரிடமும் நகல் இருப்பதுதான் ஆபத்து நேரத்தில் கை கொடுக்கும். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், மாற்றலாம்.

இதைச் சொன்னதும் எழும் முதல் பயம் எனக்குத் தெரியும். “எழுதிக் கொடுத்துட்டா, சாதாரணக் காய்ச்சலுக்கும் கைவிட்டுடுவாங்களே?” மாட்டார்கள். ஐப்பசி மழையில் டெங்கு வந்து, மூச்சு முட்டி, வென்டிலேட்டரில் வைத்தாலும் அது மீளக்கூடிய நோய். குணமாகும் நம்பிக்கை இருக்கும்வரை அந்தக் காகிதம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். மீள வழியில்லை என்ற கட்டத்தில்தான் அது வெளியே வரும். அப்போதும் ஒரு டாக்டர் தனியாக முடிவெடுக்க முடியாது. சிகிச்சை தரும் டாக்டரும் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல் குழு பார்க்கும். மாவட்ட முதன்மை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் ஒருவர் இடம்பெறும் இரண்டாம் குழு மறுபடியும் பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். முடிவை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்துவிட்டுத்தான் கருவியை எடுப்பார்கள். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். ஊசி போட்டு உயிரை எடுப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

எங்களுக்கு அன்றைக்குத் தெரியாமல் போன இன்னொன்று: காகிதம் எதுவும் எழுதாதவருக்கும் இதே இரண்டு குழு வழி திறந்தே இருக்கிறது, நெருங்கிய குடும்பத்தார் சம்மதித்தால் போதும். ‘ஆலோசனைக்கு எதிராக’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பழியைத் தலையில் சுமந்துகொண்டு ஆம்புலன்ஸ் ஏற வேண்டியதில்லை. அழைத்துப்போகச் சொல்லும் மருத்துவமனையிடம், “மெடிக்கல் போர்டு கூட்டுங்கள்” என்று எழுத்தில் கேளுங்கள். கருவியை எடுத்த பிறகும் வலி தீர்க்கும் சிகிச்சை தொடர வேண்டும். வலி தணிப்பு மருத்துவம் என்று தனிப் பிரிவே இருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மார்பின் மாதிரியான வலி மருந்து மருத்துவமனைகளுக்குக் கிடைப்பதும் முன்னைவிடச் சுலபம்.

பெரியப்பா எந்தக் காகிதமும் இல்லாமலே இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கலாம், அந்த நாலு நாள் மாத்திரை தவறாமல் இருந்திருந்தால். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். மார்கழிக் குளியல் வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்கிற தலைமுறை இல்லை அது. தண்ணீரை விளாவிக்கொள்ளட்டும். எழுந்ததும் ஐந்து நிமிஷம் கட்டிலில் உட்காரட்டும். வைகுண்ட ஏகாதசி விரதம் இருக்கும் சர்க்கரை நோயாளி, மாத்திரையையோ இன்சுலினையோ என்ன செய்வது என்று முந்தைய வாரமே டாக்டரிடம் கேட்கட்டும். பட்டினியும் மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

கத்திரி வெயிலில் கதை வேறு. வயதானால் தாகம் தெரிவது குறையும். கேட்டால் “தாகமே எடுக்கலை” என்பார்கள். கேட்காமலே நீர்மோர் டம்ளரைக் கையில் கொடுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சித்திரை பிறக்கும்போது அளவை டாக்டரிடம் சரிபார்க்க வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்குத் தண்ணீருக்கும் இளநீருக்கும்கூட அளவு உண்டு. மழைக்காலத்தில் வாசல்படிப் பாசியும் இருட்டும்தான் முதல் எதிரி. இடுப்பெலும்பு முறிந்து படுத்த எத்தனை பாட்டிகள் மறுபடி நடந்திருக்கிறார்கள்? காய்ச்சல் என்றால் பாராசிட்டமாலோடு நில்லுங்கள், டெங்குவாக இருந்தால் மற்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைத் தூண்டிவிடும். ப்ளூ தடுப்பூசியை மழை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. மாத்திரை வாங்கப் போக ஆளில்லை என்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புக் கவனிப்பும் அதிலேயே உண்டு. பெரியப்பா ஊரிலும் அது வந்துகொண்டுதான் இருந்தது, பதிவுதான் செய்யவில்லை.

சொத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். உயிலுக்கும் செட்டில்மெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் பத்திர ஆபீசில் ரேகை வைப்பார்கள். உயில் நம் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், நாளைக்கே கிழித்துப்போட்டு வேறு எழுதலாம். செட்டில்மெண்ட் பதிவான அன்றே வீடு கைமாறிவிடும். “எழுதி வெச்சுடுப்பா” என்று பிள்ளை கேட்டால், எதை எழுதச் சொல்கிறான் என்று படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உயிலை வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும், பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் பலம். இரண்டு சாட்சிகள் அவசியம். பின்னால் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் நம்மைவிட வயதில் சிறியவர்களாகவும், சொத்தில் பங்கு பெறாதவர்களாகவும் பார்ப்பது புத்திசாலித்தனம். முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கிறவர்களுக்கும் வழி உண்டு. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவின்படி, 60 வயது நிரம்பியவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். மனு கொடுக்க வேண்டிய இடம் ஆர்டிஓ எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம். மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை, 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டப்படி ரத்து செய்து வீட்டைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. ஆனாலும் ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று மட்டும் எழுதாமல், ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற வரியைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நாமினி போட்டுவிட்டால் போதும் என்பது இன்னொரு மயக்கம். வங்கி டெபாசிட்டிலும் பங்குகளிலும் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களையே சேரும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். யாரைக் கேட்பது என்றே தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567க்கும், இலவசச் சட்ட உதவிக்கு 15100க்கும் போன் செய்யலாம்.

பெரியப்பா காரியம் முடிந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு மஞ்சப்பை வைத்திருக்கிறோம். பிரிட்ஜ் பக்கத்து ஆணியில் தொங்கும். அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, எது ஒத்துக்கொள்ளாது, ரத்த வகை, டாக்டர் நம்பர், காப்பீட்டு அட்டை நகல். பீரோவில் வைத்தால் சாவியைத் தேடுவதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மார்கழியிலும் மாத்திரைச் சீட்டைப் புதுப்பிப்போம்.

போன போகிக்குப் பழையதை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவிடம் லிவிங் வில் தாளை நீட்டினேன். சாவைப் பற்றிப் பேச நல்ல நாளா கிடைத்தது என்று அத்தை முணுமுணுத்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். குழாய், மிஷின் எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ எழுதச் சொன்னார். அண்ணனை வீடியோ காலில் கூப்பிட்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி அதையே ஒரு முறை வாயாலும் சொன்னார். கண் தானம் உண்டு என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்னொண்ணு எழுதிக்கோ” என்றார்.

“என்னம்மா?”

“ஆஸ்பத்திரியில பல் செட்டைக் கழட்டிடுவாங்க. உங்க பெரியப்பாவைப் பார்த்தேனே, மூஞ்சியே மாறிப்போச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல்ல அதை மாட்டிவிடு. நாலு பேர் வந்து பார்ப்பாங்க.”

நோட்டரி அந்த வரியைப் பார்த்து நிமிர்ந்தார். பேனாவை எடுத்தவர், ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார்.