குஞ்சு சேவலா, பேடா?

பலெர்மோவின் பல்லாறோச் சந்தையைச் சூழ்ந்த தெருக்களில் எம்மவர் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. தொடர்மாடி வாழ்வில் முற்றம் என்பது பழங்கதை. ஆயினும் நகர்ப்புறத்தே சிறு தோட்டத்துண்டு கிடைத்தவர்க்கு நாலு கோழி வளர்க்கும் எண்ணம் தோன்றுவது இயல்பே. முட்டைக்கென வாங்கிய குஞ்சுகள் சேவல்களாகி விடியற்புறத்தே கூவத் தொடங்கினால், தீனிச் செலவு வீணாவதோடு அயலவரின் மனக்கசப்பும் வந்து சேரும். அந்நிய மண்ணில் அயலவரின் நல்லெண்ணம் சிறு பொருளன்று.

கூரிய முட்டையிற் சேவலும் உருண்டை முட்டையிற் பேடும் பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான கொலுமெல்லாவும் அவ்வாறே எழுதினார். அவருக்கு முன்னரே அரிஸ்ரோட்டில் இதற்கு நேர்மாறாக எழுதியிருந்தார். இரண்டுமே தவறு. தாய்க்கோழியின் கருவணுவே பாலைத் தீர்மானிக்கின்றது. ஓடு உருவாகுமுன்பே அது முடிவாகிவிடும்.

எனவே முதலில் இனத்தை அறிதல் வேண்டும். ஊரில் நாம் ‘லெகோன்’ என்றழைத்த வெள்ளைக் கோழி, இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்தாற் பெயர் பெற்றது. அதன் குஞ்சுகள் மஞ்சள் நிறமானவை. நிறத்தைக் கொண்டு பாலை அறிய முடியாது. சிசிலியின் சொந்த இனமான ‘சிசிலியானா’வைக் கிண்ணம் போன்ற இரட்டைக் கொண்டையாலும் பச்சைச் சாயலுள்ள கால்களாலும் அடையாளங் காணலாம். பண்ணைகளுக்கென உருவாக்கப்பட்ட கபிலநிறக் கலப்பினக் கோழிகள் பலவற்றில் மட்டும் விடை எளிது: பொரித்த அன்றே கபிலநிறமானவை பேடுகள், வெளிர்மஞ்சளானவை சேவல்கள். இவ்விதியை வேறு இனங்களுக்குப் பொருத்தினால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஒருநாட் குஞ்சின் கழிவாயைத் திறந்து பார்த்துப் பாலறியும் முறையை 1920களில் ஜப்பானிய அறிஞர் மசுயியும் அவரது குழுவினரும் வகுத்தனர். நீண்ட பயிற்சி பெற்ற கைகளுக்கே அது உரியது. வீட்டில் முயன்றால் குஞ்சின் உட்குடல் காயமுறும். அதனைச் செய்யாதீர்கள்.

ஏனையோருக்குப் பொறுமையே வழி. லெகோன் போன்ற இனங்களில் ஐந்தாறு வாரங்களிற் சேவலின் கொண்டை பெருத்துச் சிவக்கும். பேட்டின் கொண்டை சிறுத்து வெளிறியிருக்கும். மூன்று மாதமளவிற் சேவலின் கழுத்திலும் முதுகின் பின்புறத்திலும் கூரிய, பளபளப்பான இறகுகள் முளைக்கும். பேட்டின் இறகுநுனி வட்டமாகவே இருக்கும். அவசரமுள்ளோர் வளர்ந்த விறாத்துக் கோழிகளாகவே வாங்குவது நன்று. விலை சற்றுக் கூடினும் ஐயம் இராது. வாங்குமுன் கால்நடைச் சுகாதார அலுவலகத்திற் பதிவு விதிகளை விசாரித்துக் கொள்ளுங்கள்.

இக்கேள்விக்கு மற்றொரு முகமும் உண்டு. முட்டையிடாத குற்றத்துக்காகச் சேவற்குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வது பெரும் பண்ணைகளின் வழக்கமாகியது. ஜேர்மனி 2022 தொடக்கத்தில் இதனைத் தடை செய்தது. 2026 முடிவுக்குள் இதனைத் தடை செய்வதற்கான சட்டத்தை இத்தாலியப் பாராளுமன்றமும் 2022இல் நிறைவேற்றியது. முட்டைக்குள்ளேயே பாலறியும் கருவிகள் இதற்கென உருவாகியுள்ளன.

எமது சிறு தோட்டத்தில் அத்தகைய கருவி இல்லை. ஆகையால் குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுவருமுன், அவற்றுள் ஒன்று சேவலாயின் என்ன செய்வோம் என்பதையும் முடிவு செய்துகொள்வோம். அதற்குப் பெயரிட்டுத் தீனி போட்டு வளர்க்கப் போகிறவர்கள் எம் குழந்தைகளல்லவா?