கண்ணுக்குள் ஒரு கண்ணாடி

மூக்குக் கண்ணாடிக்கு விடை கொடுத்து காண்டாக்ட் லென்ஸுக்கு மாறுபவர்கள் முதலில் கற்க வேண்டியது கை கழுவுவதை

'சோடாபுட்டி' என்ற பட்டப்பெயரோடு பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் பகலைக் கழிக்கும் பெங்களூருவில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. முதல் சம்பளம் கைக்கு வந்ததும் அவர்களில் பலர் நாடிப் போவது கண்ணாடிக் கடையை. மூக்குத் தழும்பு மறைய வேண்டும். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியைத் திணிக்கும் அவஸ்தை தீர வேண்டும். மாலைத் தூறலில் எதிரே வரும் பஸ்ஸின் எண் தெரிய வேண்டும். பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தியும் பல குடும்பங்களில் இந்த முடிவை அவசரப்படுத்துகிறது.

முதல் நாள் அனுபவம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். விரல் நுனியில் 14 மி.மீ. அகலத்தில், நீர்க்குமிழியைப் பாதியாக வெட்டியது போன்ற ஒரு வில்லை. அது கண்ணை நெருங்கியதும் இமை தானாக மூடிக்கொள்கிறது. மனிதனுக்கு இயற்கை கொடுத்திருக்கும் பாதுகாப்பு அது. ஒரே நாளில் அதை ஏமாற்றிவிட முடியாது. ஒரு கையால் மேல் இமையைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் நடுவிரலால் கீழ் இமையை இழுத்து, ஆள்காட்டி விரலில் உள்ள வில்லையைப் பொருத்தப் பழக அரை மணி நேரம் ஆகலாம், மறுநாளும் வர வேண்டியிருக்கலாம். வில்லை கிண்ணம் போல நின்றால் சரி. விளிம்பு தட்டுபோல வெளியே விரிந்தால் உள்பக்கம் வெளியே திரும்பியிருக்கிறது. இடம் வலம் மாறாமலிருக்க, எப்போதும் வலது கண்ணில் தொடங்குவது வழக்கம். வில்லை கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்ற பயம் வீண். வெள்ளை விழியின் மேல் படர்ந்து, மடிந்து, இமையின் உட்புறத்தோடு சேரும் சவ்வு அந்த வழியை அடைத்திருக்கிறது.

கண்ணாடிச் சீட்டைக் காட்டி லென்ஸ் வாங்கிவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் நிற்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே உட்காருகிறது. அதனால் மைனஸ் 6 கண்ணாடி அணிபவருக்கு மைனஸ் 5.5 லென்ஸ் போதுமானதாக இருக்கும். பவரைத் தவிர விழியின் வளைவையும் அளக்க வேண்டும், கண்ணீர் போதிய அளவு சுரக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது, கண் வறள்கிறது. நாள் முழுதும் ஏசி அறையில் வேலை செய்பவர்கள் மாலையில் கண்ணில் மண் விழுந்ததுபோல உணர்வது இதனால்தான். நாற்பதைத் தாண்டிய கிட்டப்பார்வைக்காரர்களுக்கு வேறொரு சங்கடம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படித்துவந்தவர்களுக்கு லென்ஸ் போட்டபின் அந்தச் சலுகை இல்லை. படிக்க ஒரு தனிக் கண்ணாடி தேவைப்படும்.

லென்ஸ் உட்காரும் இடம் கார்னியா. கண்ணின் முகப்பில் இருக்கும், மையத்தில் சுமார் அரை மி.மீ. தடிமனே உள்ள தெளிவான படலம். ரத்தக் குழாய் இல்லாததால்தான் அது பளிங்குபோல இருக்கிறது. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. லென்ஸோடு தூங்கினால் அந்தக் காற்றும் தடைப்படும், கிருமிக்குக் கதவு திறக்கும். புண் ஆறினாலும் தழும்பு தங்கிவிட்டால் பார்வை மங்கிவிடும். அதன் பிறகு யாரோ ஒருவர் இறந்தபின் தானம் கொடுத்த கார்னியாவுக்குக் காத்திருக்க நேரலாம்.

அந்தப் படலத்தின் அருமையை இந்த நகரம் நன்றாகவே அறியும். கன்னட நடிகர் ராஜ்குமார் 1994இல் நாராயண நேத்ராலயா மருத்துவமனையில் தன் பெயரிலான கண் வங்கியைத் தொடங்கிவைத்தார். 2006இல் அவர் மறைந்தபோது அவரது கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. 2021 அக்டோபரில் அவரது இளைய மகன் புனித் திடீரென்று இறந்தபோது, அவருடைய கார்னியாக்களை முன்னடுக்கு, பின்னடுக்கு எனப் பிரித்து நான்கு பேருக்குப் பொருத்தினார்கள். அரை மி.மீ. படலத்தை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பேருக்குப் பார்வை; அதைக் கெடுக்கவோ ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீர் போதும்.

பெங்களூருவின் தண்ணீர் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து ஏற்றிவரும் காவிரி, அல்லது ஆழ்துளைக் கிணறு, அல்லது டாங்கர் லாரி. 2024 கோடையில் கிணறுகள் வற்றி நகரமே டாங்கருக்காகக் காத்திருந்தது. ஆனால் எந்த ஊரின் குழாய்த் தண்ணீரும் லென்ஸுக்கு ஆகாது. தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற ஓரணு உயிரி கார்னியாவுக்குள் புகுந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். குளிக்கும்போதும் நீந்தும்போதும் அது கண்ணில் இருக்கக் கூடாது. மிளகாய் நறுக்கிய கை கழுவிய பிறகும் எரியும் என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். லென்ஸ் முதலில், சமையல் பிறகு. மையும் அப்படியே: லென்ஸ் போட்டபின் மை, லென்ஸைக் கழற்றியபின் மை கலைப்பு.

டப்பாவில் மிச்சமிருக்கும் திரவத்தோடு புதியதைக் கலப்பது சிக்கனம்போலத் தோன்றும். தினமும் பழையதைக் கொட்ட வேண்டும், டப்பாவை மூன்று மாதத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். மாத லென்ஸின் ஆயுள் உறையைத் திறந்த நாளிலிருந்து கணக்கு. பத்து நாள்தான் போட்டேன் என்ற வாதம் செல்லாது. திரவமும் சில நேரம் காலை வாரும். பல நாடுகளில் பூஞ்சைத் தொற்று பரவியதால் 2006 மே மாதத்தில் பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் தன் 'ரெனு மாய்ஸ்சர்லாக்' திரவத்தை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது.

இத்தனை கட்டுப்பாடு வேண்டிய ஒன்றை அழகுக்காக ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் சிலருக்கு இது அழகு சமாச்சாரமே அல்ல. கெரடோகோனஸ் என்ற நோயில் கார்னியா மெலிந்து கூம்புபோல முன்னே பிதுங்குகிறது. பெரும்பாலும் பதின்வயதில் தலைகாட்டும் இந்நோயை, அரிக்கும் கண்ணை ஓயாமல் கசக்குவது மோசமாக்கும். ரைபோஃப்ளேவின் சொட்டும் புறஊதாக் கதிரும் கொண்டு அது முற்றாமல் தடுக்கலாம். ஆனால் நோய் முற்றியவர்களுக்குக் கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் எழுத்து இரண்டாகத்தான் தெரியும். அவர்களுக்குக் கைகொடுப்பது கடினமான லென்ஸ், அல்லது வெள்ளை விழியில் ஊன்றி நின்று, கார்னியாவைத் தொடாமல், இடையில் உப்பு நீரைத் தேக்கிவைக்கும் ஸ்க்லீரல் லென்ஸ்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1888இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த முதல் லென்ஸ் வெள்ளை விழியில் உட்கார்ந்த கனத்த கண்ணாடிதான். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து மென்மையான லென்ஸை வார்த்துக் காட்டினார். 1971இல் அமெரிக்க அரசு அனுமதித்தபின் அது உலகெங்கும் பரவியது. நோயுற்ற கண்ணுக்கு மட்டும் வைத்தியம் மறுபடி ஃபிக்கின் வழிக்கே திரும்பியிருக்கிறது.

முதன்முதலாக லென்ஸ் போட்டவர்கள் செய்யக்கூடாத இன்னொரு காரியம், பழைய கண்ணாடியைத் தூக்கி எறிவது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ லென்ஸை உடனே கழற்ற வேண்டும். மருந்துக் கடையில் சொட்டு மருந்து கேட்காமல் டாக்டரிடம் போக வேண்டும். அங்கே போய்ச் சேரவும் அந்தச் சோடாபுட்டிதான் துணை.